கேமரன் மலையின் குப்பை: தங்க வேண்டியதும் இறங்க வேண்டியதும்

மலேசியாவின் கேமரன் மலைக்கு வந்து சேரும் ஒவ்வொரு பொருளும் சாலையேறி வருகிறது. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக வளைந்து ஏறும் பழைய சாலையும், சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு வரும் புதிய சாலையும் அரிசியையும் உரமூட்டையையும் பூச்சிமருந்தையும் பாலித்தீன் சுருளையும் சுற்றுலாப் பயணியையும் மேலே கொண்டு வருகின்றன. இறங்கும் லாரிகளில் காய்கறியும் பூவும் தேயிலையும் போகின்றன. இந்த வரவு செலவில் மலையில் மிஞ்சுவது குப்பை. அது லாரியில் இறங்காவிட்டால் மழையோடு இறங்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் மக்காத குப்பைக்கு மூன்றாவது வழி கிடையாது.

ஆகவே மலைக்குப்பையை என்ன செய்வது என்ற கேள்வி, ஜே. ஏ. ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே ஏதோ ஒரு வடிவில் இருந்து வருகிறது. அதற்குத் தோட்ட நிர்வாகம் ஒரு பதில் சொன்னது, மாவட்ட மன்றம் ஒன்று சொன்னது, மத்திய அரசு இரண்டு மூன்று சொன்னது, பயனீட்டாளர் இயக்கங்கள் வேறொன்று சொல்லி வருகின்றன. ஒவ்வொன்றிலும் நியாயம் உண்டு. ஆனால் பெரும்பாலானவை எல்லாக் குப்பையும் ஒரே சரக்கு என்று எண்ணிப் பேசுகின்றன. முட்டைக்கோசு இலையும் மருந்து டின்னும் குழந்தையின் டயப்பரும் ஒரே பள்ளத்தில் விழுகின்றன என்பதற்காக அவற்றுக்கு ஒரே தீர்வு இருக்க முடியாது. எது மலையிலேயே தங்கலாம், எது மலையை விட்டு இறங்கியே ஆகவேண்டும் என்ற பிரிவினையை வைத்துப் பார்த்தால், இந்தப் பழைய பதில்களின் பலமும் பலவீனமும் தெளிவாகத் தெரியும்.

தோட்டத்துக்குள்ளேயே முடித்துக்கொள்வது

முதல் பதில் தேயிலைத் தோட்டத்தினுடையது. தேயிலை இயல்பிலேயே குறைவாகக் குப்பை தரும் பயிர். ஒரு கிலோ தூளுக்கு நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்றாலும், குறைகிற எடை பெரும்பாலும் நீர். அது வாட்டும்போதும் உலர்த்தும்போதும் ஆவியாகிவிடும். தொழிற்சாலையில் கடைசியாகச் சலித்து ஒதுக்கும் நாரும் காம்பும் சிறு பங்குதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டும்போது விழும் கிளையும் இலையும் செடியடியிலேயே கிடந்து மக்கி, சரிவான மண்ணைப் பிடித்து வைக்கின்றன. விறகு எரிக்கும் கொதிகலனின் சாம்பலில் சாம்பல்சத்து உண்டு. அதுவும் மண்ணுக்குத் திரும்பலாம். இந்த அளவில் பார்த்தால், வட்டப் பொருளாதாரம் என்று இன்று மாநாடுகளில் பேசப்படுவதைத் தேயிலைக்காடு வெகுகாலமாகச் செய்து வருகிறது.

சிக்கல் செடியிலிருந்து வரவில்லை, குடியிருப்பிலிருந்து வருகிறது. மலாயாத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் குழி வெட்டிக் குப்பையைக் கொட்டி, நிறைந்ததும் மண் மூடிவிடுவது நெடுங்கால வழக்கம், மிஞ்சியதைக் கொளுத்திவிடுவார்கள். சோறும் வாழை இலையும் சாம்பலும் மட்டுமே குப்பையாக இருந்த காலத்தில் அந்தக் குழி போதுமாக இருந்தது. டயப்பர், ரொட்டிப் பொட்டலம், பேட்டரி, உடைந்த கைப்பேசி எல்லாம் வந்த பிறகு அதே குழி மெதுவாகக் கசியும் நஞ்சுக்கிடங்காக மாறுகிறது. திறந்தவெளியில் எரிப்பதைச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு தடை செய்கிறது. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் போன்ற சான்றிதழ்களும் கழிவை எரிக்கக் கூடாது, முறையாகக் கையாள வேண்டும் என்று கேட்கின்றன. ஏற்றுமதிச் சந்தையைக் கருதும் பெரிய தோட்டங்களை இந்த நெருக்கடி ஓரளவு திருத்தியிருக்கும் என்று கொள்ளலாம்.

இருந்தும் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. தோட்டம் தனியார் நிலம். அங்கே குடியிருப்பின் சுகாதாரம் முதலாளியின் பொறுப்பு என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம் சொல்கிறது. நகரக் குப்பையை அள்ளும் ஏற்பாடு வேறொரு சட்டத்தில் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம் தோட்டத்தின் வாசல். லாரி வாசல்வரைதான் வரும் என்றால், வாசலிலிருந்து மலைச்சரிவில் ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் லயத்திலிருந்து அங்கே குப்பையைக் கொண்டு வருவது யார்? தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்ந்த லயங்களில் இன்று பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா நாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பிவிடும் அவர்களிடம் ஒழுங்கை மட்டும் எதிர்பார்த்துவிட்டு, ஏற்பாட்டைச் செய்யாமல் இருப்பது நியாயமாகாது.

பள்ளத்தில் கொட்டுவதும் அணைக்கட்டும்

இரண்டாவது பதில் உலகின் எல்லா மலையூர்களும் சொன்னதுதான்: ஊருக்கு வெளியே ஒரு பள்ளம். செலவில்லை, கண்ணுக்கும் தெரியாது. ஒரு ஹெக்டேர் குப்பைமேட்டின்மேல் 2,700 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஆண்டுக்கு 2.7 கோடி லிட்டர் தண்ணீர். அதில் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி மேலே ஓடிவிடும். மீதி குப்பையினூடே இறங்கிக் கறுப்பு நீராக அடியில் கசியும். தட்டையான நிலத்தில் இதைத் தேக்கிச் சுத்திகரிக்கலாம். முப்பது பாகைச் சரிவில் அதற்கான குளம் வெட்டுவதே மண்சரிவுக்கு வழி செய்துவிடும்.

குப்பைமேட்டை முறையான நிரப்பு நிலமாக மாற்றலாம் என்ற கருத்து 1988இல் மலேசிய அரசு வகுத்த செயல்திட்டத்தோடு வலுப்பெற்றது. ஜப்பானின் ஃபுகுவோக்காவில் 1970களில் உருவான முறை அதற்குத் துணை நின்றது: குப்பைக்கு அடியில் துளையிட்ட குழாய்களை வைத்துக் கசிவுநீரை வெளியேற்றி, அதே குழாய் வழியே காற்றை உள்ளே விடுவது. இலங்கையின் நுவரெலியாவில், தேயிலை மலைகளுக்கு நடுவே மூன் பிளேன்ஸில் ஜப்பானிய உதவியோடு இவ்வகை நிரப்பு நிலம் அமைந்தது. மலையூருக்கும் இது பொருந்தும் என்பதற்கு அதையே சான்று காட்டுவார்கள். பொருந்தலாம், ஆனால் பராமரிப்பு நின்ற மறுவருடமே அது பழைய மேடாகிவிடும். பராமரிக்காத மேடு என்ன செய்யும் என்பதை 2017 ஏப்ரல் 14 அன்று கொழும்பின் மீத்தொட்டமுல்லையில் பார்த்தோம். சரிந்த குப்பைமலையில் 32 பேர் இறந்தார்கள். அது சமநிலத்தில் நடந்தது.

கேமரன் மலையில் பள்ளத்துக் குப்பைக்கு இன்னொரு பரிமாணம் உண்டு, அது அணைக்கட்டு. பிரிஞ்சாங் மலையில் பிறக்கும் பெர்தாம் ஆறு பிரிஞ்சாங் ஊரையும் தானா ராத்தாவையும் ஹாபுவையும் கடந்து ரிங்லெட் ஏரியில் விழுகிறது. 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணை அந்த ஏரியைத் தாங்கி நிற்கிறது. பக்கத்துத் தெலோம் நதிப்படுகையின் ஓடைகளையும் சுரங்கம் வழியே இங்கே திருப்பிவிட்டிருக்கிறார்கள். அதாவது இரு பள்ளத்தாக்குகளின் ஊர்களும் பண்ணைகளும் கழுவி விடுவது ஒரே ஏரியில் வந்து சேர்கிறது. மழை விட்ட மறுநாள் அந்த ஏரியின் ஓரங்களில் பாட்டிலும் பாலித்தீன் கிழிசலும் காய்கறித் தண்டும் மரக்கிளையும் ஒட்டிக்கொண்டு மிதக்கும். அடியில் சேறு.

சேற்றுக்குக் குப்பை முதற்காரணம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். காட்டை அழித்து மேடுகளைச் சீவிய பண்ணைகளும் கட்டுமானங்களும்தான் ஏரியை மண்ணால் நிரப்பின. ஆனால் வடிகாலையும் நீர்வாயையும் அடைக்கும் குப்பை அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் கனமழையில் நிறைந்த ஏரியிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியது, உயிர்கள் போயின. மறு ஆண்டு நவம்பரில் மீண்டும் சேற்றுவெள்ளம் வந்தது. அதன் பிறகே சட்டவிரோத நில அழிப்பின்மீது கடும் நடவடிக்கை தொடங்கியது.

இதைக் கேமரன் மலை இருக்கும் பகாங் மாநிலத்தின் உள்விவகாரம் என்று ஒதுக்கவும் முடியாது. ரிங்லெட் ஏரியின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தில் ஓடி, பேராக் மாநிலத்தில் ஜோர் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு பத்தாங் பாடாங் ஆற்றுப்படுகையில் போய்ச் சேருகிறது. தென்சீனக் கடலுக்குப் போகவேண்டிய நீர் மலாக்கா நீரிணைக்குப் போகிறது. பகாங்கின் தோட்டத்தில் கழுவிய மருந்து டின்னின் எச்சம் பேராக்கின் நீரில் கரையலாம். பெர்தாம், தெலோம் நதிகளின் கீழ்ப்பகுதிகளில் வாழும் செமாய் பூர்வகுடியினர் ஆற்றையே நம்பியிருக்கிறார்கள். குப்பை பற்றி இதுவரை நடந்த கூட்டங்களில் அவர்கள் குரல் மிகக் குறைவாகவே கேட்டிருக்கிறது.

எரித்துவிடலாம் என்ற நம்பிக்கை

நிலம் இல்லையென்றால் எரிக்கலாம் என்பது மூன்றாவது பதில். சிலாங்கூரில் புரோகாவில் நாளொன்றுக்கு 1,500 டன் எரிக்கும் உலையைக் கட்ட அரசு முனைந்தது. ஊர்மக்களின் எதிர்ப்பும் செலவும் சேர்ந்து 2007இல் அதைக் கைவிட வைத்தன. பெரிய உலைக்கு இடமில்லாதபோது சிறிய உலைகள்மேல் கவனம் திரும்பியது. லங்காவி, பங்கோர், தியோமான் தீவுகளும் கேமரன் மலையும் அதற்கேற்ற இடங்களாகத் தெரிந்தன. நிலப்பற்றாக்குறையும் சுற்றுலாவும் போக்குவரத்துச் செலவும் இவற்றுக்குப் பொதுவானவை. லங்காவிக்கு 100 டன்னும் கேமரன் மலைக்கு 40 டன்னும் நாளாந்தக் கொள்ளளவாக வகுத்தார்கள்.

இந்தத் திட்டத்தை நியாயமாகத்தான் மதிப்பிட வேண்டும். சரியாக இயங்கும் உலை குப்பையின் பருமனைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும், கிருமியைக் கொல்லும், மலைச்சரிவை மிச்சப்படுத்தும். ஆனால் சிறு உலைகள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. அந்தத் தோல்வியை விளக்க அரசியல் தேவையில்லை, இயற்பியலே போதும். கழிவில் ஈரம் பாதிக்குக் கீழும், சாம்பல் அறுபது விழுக்காட்டுக்குக் கீழும், எரியக்கூடிய பொருள் கால்பங்குக்கு மேலும் இருந்தால்தான் அது வெளி எரிபொருள் இல்லாமல் தானே எரியும் என்பது துறையில் வெகுகாலமாக ஏற்ற அளவுகோல். முட்டைக்கோசில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் நீர். ஒரு டன் கோசு இலையிலுள்ள நீரை ஆவியாக்க மட்டும், எந்த வெப்பமும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும், அறுபது லிட்டருக்கு மேல் டீசல் வேண்டும். எதற்கு? மண்ணில் போட்டால் தானே மக்கிவிடக்கூடிய ஓர் இலைக்காக. மலேசியாவின் சிறு உலைகளைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுதான்: ஈரமான கழிவு, ஏறும் எரிபொருள் செலவு, பழுதுபார்க்க ஆளும் உதிரிபாகமும் கிடைக்காமை.

பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் மலேசிய இயற்கைத் தோழர்கள் சங்கமும், எஸ். எம். முகமது இட்ரிஸின் தலைமைக் காலத்திலிருந்தே உலைகளை எதிர்த்து வந்திருக்கின்றன. டையாக்ஸின் நஞ்சு அவர்களின் முதல் வாதம். மலேசியாவின் காற்றுத்தூய்மை விதிகள் டையாக்ஸினுக்குக் கடுமையான வரம்பு வைத்திருக்கின்றன என்பது எதிர்வாதம். வரம்பு காகிதத்தில் இருப்பது மட்டும் போதாது. 850 பாகைக்குக் கீழே உலை தடுமாறும் ஒவ்வொரு முறையும் அந்த நஞ்சு உருவாக வாய்ப்புண்டு, ஈரக்குப்பை உலையைத் தடுமாற வைப்பதும் வழக்கம். ஆகவே மலைக்குச் சிறு உலை என்ற பதில், ஈரத்தை முன்கூட்டியே பிரித்தெடுத்த பிறகுதான் பரிசீலிக்கத் தக்கது. பிரித்தெடுத்துவிட்டால் உலைக்குப் போதிய குப்பை மிஞ்சுமா என்பது வேறு சந்தேகம்.

பிரிப்பதும் மக்கவிடுவதும்

2011 செப்டம்பர் 1 முதல், திடக்கழிவு மற்றும் பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் பகாங் உள்ளிட்ட சில மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. உள்ளூர் மன்றங்கள் கையிலிருந்த குப்பை மத்திய அரசிடம் போனது, அள்ளும் உரிமை பகாங்கில் அலாம் ஃபுளோரா நிறுவனத்துக்குக் கிடைத்தது. பேராக் இதில் சேரவில்லை. எனவே ஒரே மலைத்தொடரின் இரு பக்கமும் இரு வேறு சட்டங்கள். 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைப்பது கட்டாயமானது. வாரம் இருமுறை சாதாரணக் குப்பையையும், ஒருமுறை மறுசுழற்சிப் பொருள்களையும் எடுப்பது ஏற்பாடு.

இதற்கு முன் 2012இல் நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்று வீட்டுக்குப்பையைப் பிரித்துப் பார்த்தது. உணவுக்கழிவு 44.5 விழுக்காடு, பிளாஸ்டிக் 13.2, டயப்பர் 12.1, காகிதம் 8.5. நாட்டின் மறுசுழற்சி விகிதம் அப்போது 10.5 விழுக்காடு, 2020இல் அது 30 விழுக்காட்டைத் தாண்டியதாக அரசு அறிவித்தது. வளர்ச்சி உண்மைதான். ஆனால் பிரித்து வைக்கச் சொன்ன சட்டம் காகிதம், பிளாஸ்டிக், உலோகம் ஆகியவற்றைத்தான் முதன்மையாகக் குறிவைத்தது. பாதியளவு இருக்கும் உணவுக்கழிவு பழையபடி கலந்த குப்பையோடுதான் போகிறது. கேமரன் மலைக்கு இது தலைகீழ் வரிசை. இங்கே ஈரத்தைத்தான் முதலில் பிரிக்க வேண்டும்.

மக்கவைப்பது பற்றிப் பேசும்போது குளிரைக் காரணம் காட்டி ஒதுக்கிவிடுவோர் உண்டு. சராசரி 18 பாகை வெப்பநிலை தடையே இல்லை. சரியாகக் கட்டிய குவியலின் நடுவெப்பம் 55 பாகையைத் தாண்டும், நுண்ணுயிர்களே அந்தச் சூட்டைத் தருகின்றன. தடை மழைதான், அதனால் கூரை வேண்டும். கோசு இலை மட்டும் போட்டால் அழுகி நாறும். கரிச்சத்து மிகுந்த மரத்தூளோ கவாத்துக் குச்சியோ காம்புக்கழிவோ கலக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் மிஞ்சும் காய்ந்த பொருளும் காய்கறிப் பண்ணையில் மிஞ்சும் ஈரப்பொருளும் ஒன்றுக்கொன்று தேவைப்படுவது இங்கேதான். சாலையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் மற்றது. இரண்டையும் சேர்த்து வைக்க நிரந்தர ஏற்பாடு வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் துணிபு.

இருந்தாலும் மக்குரத்தை எல்லாவற்றுக்கும் மருந்தாகச் சொல்பவர்கள் இரண்டு தடைகளைக் கடக்க வேண்டும். முதலாவது நோய். கோசு, கடுகுவகைப் பயிர்களின் வேரைக் கிழங்குபோல வீங்கச் செய்து செடியைக் கொல்லும் பூஞ்சைபோன்ற ஒட்டுண்ணி பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உறங்கிக் கிடக்கும். அரைகுறையாகச் சூடான குவியலிலிருந்து எடுத்த உரம் ஒரு பண்ணையின் நோயைப் பத்துப் பண்ணைக்குக் கொண்டுபோகும். இரண்டாவது ஈ. பதப்படுத்தாத கோழி எருவால் மலையில் ஈக்கள் பெருகி, அதைப் பயன்படுத்தத் தடை வந்த வரலாறு உண்டு. மக்கவைக்கும் கூடம் ஈக்கூடமாகிவிடும் என்று அண்டை வீட்டார் அஞ்சுவதில் தவறில்லை. கொல்லையில் தொட்டி வைத்துச் சமாளிக்கும் அளவு இல்லை இது. வெப்பத்தை அளந்து, நாள்கணக்கில் புரட்டிப்போடும் தொழில். 2001இல் தொடங்கிய ரீச் என்ற உள்ளூர்ச் சுற்றுச்சூழல் அமைப்பு போன்றவை ஆர்வத்தை வளர்க்கலாம், பாதையும் காட்டலாம். ஒரு மாவட்டத்தின் ஈரக்கழிவு முழுவதையும் தொண்டர்கள் தலையில் சுமத்த முடியாது.

நஞ்சின் கணக்கு

இதுவரை சொன்னவை மலையில் தங்கக்கூடியவை பற்றி. இனி இறங்கியே ஆகவேண்டியவை.

ஒரு மருந்து டின்னின் பாதையைப் பார்க்கலாம். காலையில் தொழிலாளி முதுகில் மாட்டும் தெளிப்பானைக் கால்வாய் ஓரம் இறக்கி வைக்கிறார், ஏனென்றால் கலக்கத் தண்ணீர் அங்கேதான். மூடியால் அளந்து ஊற்றுகிறார். டின் காலியானதும் அடியில் ஒட்டியிருக்கும் மருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு. டின்னை மூன்றுமுறை தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, அடியில் ஓட்டை போட்டுவிட வேண்டும் என்பது விதி. அப்படிச் செய்தால் நஞ்சில் பெரும்பகுதி பயிருக்கே போய்விடும், டின்னையும் யாரும் தண்ணீர் பிடிக்கக் கொண்டுபோக மாட்டார்கள். அவசரத்தில் ஒருமுறை கால்வாயில் முக்கி எடுத்துவிட்டு வரப்பில் எறிந்தால், அந்தக் கால்வாய் எந்த ஆற்றில் சேரும் என்பதை மேலே பார்த்தோம்.

மலேசியாவின் 2005ஆம் ஆண்டுப் பட்டியலிட்ட கழிவு விதிகள் கடுமையானவை. நஞ்சு படிந்த கொள்கலன், பயன்படுத்திய எந்திர எண்ணெய், ஈயபேட்டரி, காலாவதியான வேதிப்பொருள் எனக் கழிவுகள் வகைப்பட்டுள்ளன. எதையும் 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ சேர்த்து வைக்கக் கூடாது. உரிமம் பெற்ற வண்டியில்தான் ஏற்ற வேண்டும். கடைசியில் அது சேரும் இடம் பெரும்பாலும் நெகிரி செம்பிலானில் புக்கிட் நானாஸ். 1990களின் பிற்பகுதியிலிருந்து நாட்டின் நச்சுக்கழிவைக் கையாளும் ஒருங்கிணைந்த நிலையம் அங்கே இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலைக்கும் பெரிய தோட்டத்துக்கும் இது நடக்கக்கூடிய வழி. அவர்களிடம் பதிவேடு எழுத கிராணி இருக்கிறார், கூடம் இருக்கிறது, அனுப்பத் தக்க அளவு கழிவும் சேர்கிறது. இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்தில் தக்காளி போடும் விவசாயியிடம் ஆண்டு முழுதும் சேர்வது சில மூட்டை டின்கள். அவற்றை நெகிரி செம்பிலானுக்கு உரிமம் பெற்ற லாரியில் அனுப்புவார் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். விதிகள் ஆலையை மனத்தில் வைத்து எழுதியவை, வரப்புவரை அவற்றின் கை எட்டவில்லை.

விதி இருந்தும் கை எட்டாமல் போனதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய வேதிக்கழிவால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறினார்கள், நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. அதற்கும் முன்னால், கேமரன் மலையின் அடிவாரத்திலிருந்து அதிக தூரமில்லாத புக்கிட் மேராவில் அருமண் ஆலையின் கதிரியக்கக் கழிவை எங்கே புதைப்பது என்பதில் 1980களில் பாப்பான் மக்கள் நடத்திய போராட்டம் பேராக்கில் இன்னும் நினைவிலிருக்கிறது. ஆபத்தான கழிவை யார் வீட்டு வாசலில் வைப்பது என்ற கேள்வி மலேசியாவுக்குப் புதிதில்லை.

மலையில் தங்கிவிட்ட நஞ்சை இறக்குவது எவ்வளவு பாடு என்பதைக் கொடைக்கானல் காட்டியது. அங்கே வெப்பமானி ஆலையிலிருந்து வெளியேறிய பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் 2001இல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழையபொருள் கடையில் கிடந்தன. ஆலை மூடியது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவை அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு கண்டது 2016இல். ஆலை வளாகத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற வழக்கு அதன் பிறகும் நீடித்தது. ஒரு கடையில் கண்டுபிடித்த குப்பைக்கு இருபது ஆண்டு.

உடம்பில் சேர்ந்த நஞ்சுக்கு எந்த லாரியும் இல்லை. பாராகுவாட் களைக்கொல்லியைத் தெளித்த தோட்டப் பெண்களின் நிலையைத் தெனாகனித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வு பேசியது. பெரும்பாலும் செம்பனைத் தோட்டத்துப் பெண்கள், அவர்களில் தமிழர் கணிசம். அதே ஆண்டு அரசு தடையை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1 அன்று. தடை வந்ததும் கிடங்கில் மிஞ்சிய டின்களெல்லாம் ஒரே நாளில் ஆபத்தான கழிவாகின்றன. ஒவ்வொரு தடையும் தன் பின்னால் ஒரு குப்பையையும் விட்டுச்செல்கிறது. தடை உத்தரவு எழுதும்போதே, மிச்சத்தை யார் திரும்ப வாங்குவது என்பதையும் எழுத வேண்டும்.

விற்றவர் திரும்பப் பெறுதல்

இந்த இடத்தில்தான், கேமரன் மலையில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட பதில் வருகிறது. பிரேசில் 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. பூச்சிமருந்து விற்றவரும் செய்தவரும் காலிக் கொள்கலனைத் திரும்பப் பெற வேண்டும், விவசாயி கழுவி ஒப்படைக்க வேண்டும். உற்பத்தியாளர்கள் சேர்ந்து அதற்கென ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். இன்று அங்கே பிளாஸ்டிக் மருந்துக் கொள்கலன்களில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் திரும்பி வருவதாகக் கணக்கு. டின் மேலே வந்த அதே வண்டியின் திரும்பும் பயணத்தில் கீழே போகிறது என்பதுதான் அதன் எளிமை.

தமிழ்நாட்டிலேயே நெருக்கமான சான்று உண்டு. நீலகிரியில் 2000ஆம் ஆண்டையொட்டி, ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு பிளாஸ்டிக் தடையைக் கொண்டுவந்தார். தடையால் பைகள் குறைந்தன. காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் குத்திய மதுப்பாட்டில்கள் குறையவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் வற்புறுத்தலுக்குப் பின், 2022 மே மாதத்திலிருந்து அரசின் டாஸ்மாக் மதுக்கடைகள் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தைத் திருப்பின. விற்ற பாட்டில்களில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் கடைக்கே வந்தன. பத்து ரூபாய்க்காகப் பிறர் எறிந்ததையும் பொறுக்கிக் கொடுத்தவர்கள் அதில் உண்டு.

இதற்கும் குறைகள் இருக்கின்றன. நீலகிரியில் விற்பவர் ஒரே அரசு நிறுவனம். கேமரன் மலையில் மருந்து விற்பவர்கள் பலர், எல்லைகடந்து பதிவில்லாமல் வரும் மருந்தும் உண்டு என்ற கவலை இருக்கிறது. பதிவில்லாத டின்னுக்கு முன்பணம் யாரும் கட்டியிருக்க மாட்டார்கள், ஆகவே அது திரும்பி வராது. பிரேசிலின் பண்ணைகள் பெரியவை, இங்கே சிறு துண்டுகள். எனினும் இங்குள்ள பதில்களில் இது ஒன்றுதான் டின் காலியாவதற்கு முன்பே அதன் பொறுப்பாளரைக் குறித்துவைக்கிறது. மற்றவை குப்பை கலந்த பிறகு தொடங்குகின்றன.

இன்னும் தீராதவை

பதில்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால் சில முடிவுகளுக்கு ஓரளவு உறுதியாக வரலாம். காய்கறிக் கழிவும் உணவுக்கழிவும் மலையிலேயே மக்க வேண்டும். அவற்றை எரிப்பதற்கும் சுமந்து இறக்குவதற்கும் நியாயமில்லை. பள்ளத்தில் கொட்டுவது, எந்தப் பெயரில் நடந்தாலும், கொட்டியதை அணைக்கட்டுக்கு அனுப்புவதாகவே முடியும். நஞ்சுக் கொள்கலனையும் பழைய எண்ணெயையும் பேட்டரியையும் சிறு அளவிலும் சேகரித்து இறக்க மாவட்ட அளவில் ஒரு பொதுக்கிடங்கு வேண்டும்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. மழைக்கூடாரங்களுக்குப் போடும் பாலித்தீன் தாள் வெயிலில் சில ஆண்டுகளில் நொறுங்கிப் பொடியாகிறது. மண்ணும் மருந்தும் ஒட்டிய அந்தத் தாளை மறுசுழற்சிக்காரர்கள் வாங்கத் தயங்குவார்கள், கழுவினால் கழுவிய நீர் இன்னொரு கழிவு. டயப்பருக்கும் இதேபோல நல்ல பதில் யாரிடமும் இல்லை. மீந்த காய்ந்த குப்பைக்குச் சிறு உலையா, இறக்கிக் கீழே புதைப்பதா என்பது எரிபொருள் விலையையும் சாலைச் செலவையும் பொறுத்து மாறக்கூடியது. இரண்டையும் சேர்த்து வெளிப்படையாகக் கணக்கிடாமல் எந்தப் பக்கமும் வெற்றி கோருவது பொறுப்பாகாது.

எல்லாவற்றையும்விடக் கடினமானது செலவுப் பங்கீடு. ஏரியில் மிதப்பதை அள்ளுவதும் சேற்றை வாருவதும் அணையை நடத்தும் மின்நிறுவனத்தின் செலவில் நடக்கிறது, அதாவது மின்கட்டணம் கட்டும் எல்லோரின் செலவில். நிலவரி பகாங் மாநிலத்துக்குப் போகிறது. திடக்கழிவு மத்திய அரசின் கையில். நீர் இறங்கும் பேராக் அந்தச் சட்டத்துக்கே வெளியே. மருந்து விற்பவர், விளைச்சலை வாங்கிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்புபவர், வார இறுதியில் ஸ்ட்ராபெரி தின்ன வருபவர் ஆகிய மூவரும் இந்தக் கணக்கில் இதுவரை வரவில்லை. பெர்தாம், தெலோம் இரண்டையும் ஒரே நதிப்படுகையாகக் கருதி, இரு மாநிலங்களும் மின்நிறுவனமும் தோட்டங்களும் செமாய்க் கிராமங்களும் உட்காரும் ஒரு மேசையை அமைக்க இன்றைய சட்டத்திலேயே இடமுண்டா, அல்லது புதிய சட்டம் வேண்டுமா என்பதை அறிஞர்களும் நாடாளுமன்றமும்தான் ஆராய்ந்து சொல்ல வேண்டும்.